சவப்பெட்டியின் மேல் உட்கார்ந்த நாய்: எச்.எம்.வி. நிப்பரைப் பற்றிக் கேட்டதும் அறிந்ததும்

கிராமபோன் பெட்டி இருந்த வீட்டில் வளர்ந்தவர்களிடம் கேட்டால், எச்.எம்.வி. ('ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்', அதாவது எஜமானரின் குரல்) இசைத்தட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும் நாயைப் பற்றி ஏதாவது ஒரு கதை சொல்வார்கள். எஜமானர் இறந்துவிட்டார், நாய் அவருடைய சவப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவர் உயிரோடு இருந்தபோது பதிவு செய்த குரல் குழாய் வழியே வருகிறது, நாய் தலையைச் சாய்த்துக் கேட்கிறது. எங்கள் வீட்டில் வழங்கிய கதை இதுதான். இதைச் சொல்லும்போதெல்லாம் என் பாட்டிக்குக் கண் கலங்கிவிடும். படத்தில் நாயின் காலடியில் பளபளக்கும் பரப்பு, மெருகேற்றிய பெட்டியின் மூடி போலவே தெரிந்ததால் எங்களில் யாரும் அதைச் சந்தேகித்ததில்லை. பிற ஊர்களில் வளர்ந்த நண்பர்களிடமும் ஏறக்குறைய இதே கதையைக் கேட்ட பிறகுதான், அந்தச் சின்னம் போன இடமெல்லாம் இந்தக் கதையும் கூடவே போயிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

அந்தத் தட்டுகளை வீட்டில் 'நாய் மார்க் பிளேட்' என்றுதான் சொல்வோம். தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும்போது நாய் தெரியாது. லேபிளின் நிறமும் அச்செழுத்துகளும் கலங்கி ஒரு வளையமாகத்தான் தெரியும். கொடுத்த சாவி தளர்ந்து, பாடுபவரின் குரல் கனத்து இழுபடத் தொடங்கும்போது, முதலில் குழாயின் வாயும், பிறகு நாயின் வெள்ளை உடலும் கறுத்த காதும் சுழற்சிக்குள்ளிருந்து மெல்லப் பிரிந்து தெரியும். பெரியவர்கள் 'சாவி கொடு' என்று கத்துவார்கள். சிறுவர்களான நாங்களோ நாய் எந்தப் பக்கம் தலை வைத்து நிற்கப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த நாய் உண்மையில் வாழ்ந்த நாய் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1884ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்த அதற்கு, வருகிறவர்களின் காலைக் கவ்வும் வழக்கம் இருந்ததால் நிப்பர் என்று பெயரிட்டார்கள். அதை வளர்த்த மார்க் பராட், நாடக அரங்குக்குத் திரைச்சீலைக் காட்சிகள் தீட்டியவர். அவர் 1887இல் இறந்த பிறகு, ஓவியரான அவருடைய தம்பி பிரான்சிஸ் பராட் நாயைத் தம்மோடு லிவர்பூலுக்கு அழைத்துச் சென்றார். ஆக, எஜமானரை இழந்த நாய் என்ற அளவில் பாட்டியின் கதை உண்மையே. ஆனால் குரல் பதிவு என்ற இடத்தில் கதை இடறுகிறது. மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் எடிசனின் மேம்பட்ட ஃபோனோகிராப் 1888இல்தான் வெளிவந்தது. மார்க் அதற்கு முன்பே இறந்துவிட்டார். லேபிளில் இருக்கும் படத்தை வரைந்தவர் பிரான்சிஸ்தான்; அந்த எண்ணம் திடீரென்று தோன்றியது என்றுதான் அவரும் பின்னாளில் சொன்னார்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொன்று. படம் வரையப்பட்டபோது நாயே உயிரோடு இல்லை. நிப்பர் 1895இல் இறந்தது. சில ஆண்டுகள் கழித்துத்தான் பிரான்சிஸ் அதைத் தீட்டி முடித்தார். இறந்துபோன எஜமானரின் குரலை நாய் கேட்பதாக நாம் உருகினோம். உண்மையில், இறந்துபோன நாயை நினைவில் வைத்து ஒரு மனிதர் வரைந்த படம் அது. பாட்டியின் கதையைவிட இதுவே என்னை அதிகமாக உருக்குகிறது.

முதலில் அந்தப் படத்தில் இருந்தது கிராமபோனும் அல்ல, உருளை ஃபோனோகிராப். ஃபோனோகிராப் விற்றுவந்த எடிசன் பெல் நிறுவனத்தார் அந்தப் படத்தை வாங்க மறுத்து, 'நாய்கள் ஃபோனோகிராப் கேட்பதில்லை' என்று சொன்னதாக ஒரு செய்தி உண்டு. கறுப்புக் குழாய்க்குப் பதிலாகப் பித்தளைக் குழாய் வரைந்தால் படம் எடுப்பாக இருக்கும் என்று கருதிய பிரான்சிஸ், 1899இல் லண்டனில் இருந்த கிராமபோன் கம்பெனிக்குச் சென்று ஒரு குழாயை இரவல் கேட்டார். அதன் மேலாளர் வில்லியம் பாரி ஓவன், பழைய கருவியை அழித்துவிட்டுத் தங்கள் கிராமபோனையே வரைந்து தந்தால் படத்தை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். படத்துக்கு 50 பவுண்டும் பதிப்புரிமைக்கு 50 பவுண்டுமாக 100 பவுண்டு தரப்பட்டது. மூல ஓவியத்தின் மீது தக்க கோணத்தில் வெளிச்சம் படும்போது, மேல் வண்ணத்தின் அடியில் பழைய கருவியின் சாயல் இன்றும் தெரியும்.

இந்த மாற்றத்தில் படத்தின் பொருளும் சற்று மாறிவிட்டதாக நான் நினைக்கிறேன். உருளைக் கருவியில் வீட்டிலிருந்தபடியே பேசிப் பதிந்து, அதையே மறுபடி கேட்கலாம். ஆகவே எஜமானரின் குரல் அதிலிருந்து வருவது இயல்பானது. கிராமபோனோ கடையில் வாங்கிய தட்டை ஒலிக்க மட்டுமே செய்யும். விடுபட்டுப்போன அந்தப் பொருத்தத்தை ஈடுகட்டத்தான் மக்கள் சவப்பெட்டிக் கதையைச் சேர்த்துக்கொண்டார்களோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

கல்கத்தாவை அடுத்த டம் டம்மில் 1928இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்த தட்டுகளின் வழியாகவே நிப்பர் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. 1963இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டாக வந்தபோதும் அதில் இதே நாய்தான் இருந்தது. எங்கள் வீட்டில் அந்தத் தட்டைப் பூஜை அலமாரியிலேயே வைத்திருந்தார்கள். நாய் படம் போட்டதைச் சுவாமி படத்தருகே வைக்கலாமா என்று எங்கள் நினைவில் யாரும் கேட்டதே இல்லை. பாட்டுக் கேட்கும் நாய் அவர்களுக்கு வெறும் நாயாகத் தோன்றவில்லை போலும்.

நிப்பரைப் புதைத்த இடம் லண்டனை ஒட்டிய கிங்ஸ்டனில், கிளாரன்ஸ் தெருவில் இருக்கிறது. அப்போது அங்கே ஒரு தோட்டம் இருந்தது. பின்னர் அந்த இடத்தில் வங்கிக் கட்டடம் எழுந்துவிட்டது. அங்கே ஒரு நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள்; 2010இல் பக்கத்துச் சந்து ஒன்றுக்கு நிப்பரின் பெயரையே சூட்டினார்கள்.