எட்டே மாதத்தில் முதல் மோட்டார் மீதான ஆசை வடிந்துவிட்டது

பிறைவாசி (கேள்வி):

வணக்கம். கடந்த மார்ச்சில் பி2 உரிமம் (மலேசியாவில் 250 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளுக்கானது) கைக்கு வந்த வாரமே தவணையில் ஒரு யமஹா ஒய்15 மோட்டார் சைக்கிள் வாங்கினேன். எனக்கென்று வாய்த்த முதல் வாகனம் அதுதான். தொடக்கத்தில் இரவில் எழுந்து, வாசலில் அது நிற்கிறதா என்று சன்னல் வழியே பார்த்துவிட்டுத்தான் மீண்டும் படுப்பேன் (திருட்டுப் பயமும் ஒரு காரணம் என்பதை மறைக்கவில்லை). ஞாயிறுதோறும் விடியலில் பினாங்குப் பாலத்தைக் கடந்து தீவுக்குப் போய், பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் வழியாக மலையேறி, பாலிக் பூலாவில் இறங்கிப் பசியாறிய பின்னரே வீடு திரும்புவேன்.

இப்போது தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போய்வர மட்டுமே அதை எடுக்கிறேன். அக்டோபர் மழை தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமை உலாவும் நின்றுவிட்டது. ஒரு நாள் நனைந்த பாலத்தில், இரும்பு இணைப்புப் பட்டையின் மேல் பின்சக்கரம் சற்று வழுக்கியது. விழவில்லை, அது பெரிய விஷயமும் இல்லை. சங்கிலிக்கு எண்ணெய் விடக்கூட மனம் வரவில்லை. தவணை இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. விற்றுவிடலாமா, அல்லது பெரிய மோட்டாருக்கு மாறினால் ஆசை திரும்புமா?

பழைய கப்சாய்:

தம்பி, நான் 2001 முதல் ஒரே ஹோண்டா இஎக்ஸ்5-ஐத்தான் ஓட்டி வருகிறேன். அதன் மேல் எனக்குக் காதல் இருந்ததாக நினைவில்லை. பாலத்தில் மோட்டாருக்குச் சுங்கக் கட்டணம் 2019 சனவரி முதல் தேதியன்றுதான் நீக்கப்பட்டது. அதற்கு முன் மழையில் கையுறையைக் கழற்றிச் சில்லறை தேடி நின்ற காலத்திலும் அந்த மோட்டார் என்னை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அது போதுமென்றே இருந்தேன். பெரிய மோட்டார் வாங்கினாலும் அது இதே பாலத்தில், இதே லோரிகளுக்கு நடுவில்தானே ஓடப்போகிறது? 250 சிசி-யைத் தாண்டினால் உரிமத்துக்கு மறுபடியும் தேர்வில் தேற வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்காற்று:

ஐயா சொல்வது சரி. ஆனால் கேள்வியில் ஒரு வரியை அவர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். பெரிய விஷயமில்லை என்று நீங்கள் எழுதிய அந்த வழுக்கல்தான் விஷயமோ? உங்கள் கணக்குப்படியே உலா நின்றதும், வழுக்கியதும், சங்கிலியைத் தொட மனம் வராமல் போனதும் ஒரே பருவத்தில்தான். சலிப்பு இப்படி மழையோடு சேர்ந்து வருவதில்லை. இதை அச்சம் என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்கள்தாம்.

பாலத்தைப் பற்றிச் சில சொற்கள். 13.5 கிலோமீட்டரில் பெரும்பகுதி திறந்த கடலின் மேல் இருப்பதால், லோரியை ஒட்டிச் செல்லும்போது மறைந்திருக்கும் பக்கக்காற்று, அதைத் தாண்டிய நொடியில் திடீரென்று தள்ளும். அப்போது கைப்பிடியை இறுகப் பற்றினால், உடல் அசைவெல்லாம் முன்சக்கரத்துக்குப் போய், மோட்டார் இன்னும் தடுமாறும். பெரிய மோட்டாரில் முழங்காலால் எரிபொருள் தொட்டியை அணைத்துக்கொள்ளலாம். உங்களுடையது போன்ற கப்சாய் (முழங்கால்களுக்கு இடையே தொட்டி இல்லாத சிறு மோட்டார்) வகையில் அந்த வசதி இல்லாததால், முழங்கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி. ஈரமான இரும்புப் பட்டையை நேராகக் கடந்துவிடுங்கள். அதன் மேல் சாய்வதும் கூடாது, பிரேக் பிடிப்பதும் கூடாது. மழை விழத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில்தான், சாலையில் படிந்த எண்ணெய் நீரோடு கலந்து மிகவும் வழுக்கும். அந்த நேரம் கழியும்வரை எங்காவது ஒதுங்கி நின்றால் தாமதத்தைத் தவிர நட்டமில்லை.

மனம் தேறும்வரை வாரத்தில் ஓரிரு நாள் பெருநிலக் கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் பெரியில் (பயணப் படகில்) போய்ப் பாருங்கள். 2023-இல் வந்த புதிய பெரிகள் கார்களை ஏற்றுவதில்லை, மோட்டார்களை ஏற்றுகின்றன. ஜார்ஜ் டவுனில் இறங்கிப் பாயான் லெப்பாஸ் போவது சுற்றுவழிதான், எனினும் நடுக்கடலில் நீங்கள் ஓட்ட வேண்டியதில்லை.

கூட்டரசுச் சாலைக்காரன்:

கோலாலம்பூரிலிருந்து ஒரு சொல். நான் முதல் மோட்டாரை ஓராண்டுக்குள் விற்றேன். விற்ற விலை, வங்கிக்குச் செலுத்த வேண்டிய மீதியைவிடக் குறைவாக இருந்ததால், கையில் மோட்டாரும் இல்லாமல் கடனை அடைத்தேன். வங்கியில் மீதி எவ்வளவு என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிறைவாசி:

கடற்காற்று அவர்களுக்கு நன்றி. அன்று பாலத்தைக் கடந்ததும் ஓரமாக நிறுத்தி, கை நடுக்கம் அடங்கும்வரை கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை, இங்கும் எழுதத் தயங்கினேன். விற்கும் எண்ணத்தைத் தள்ளிவைத்திருக்கிறேன். நேற்று மாலை சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட்டேன். துரு பிடிக்கத் தொடங்கியிருந்தது. எனக்குக் காலை எட்டு மணிக்கு வேலை. அந்த நேரத்தில் பட்டர்வொர்த் துறையில் மோட்டார் வரிசை எவ்வளவு நீளம் இருக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.