கேட்டமரன் ஹல் (இரட்டைப் படகின் உடல்): ஃபைபரா, அலுமினியமா?

பாய்விரிச்சான்: நம் மன்றத்தின் பேட்டரி திரியில் போகிற போக்கில் கடலோடி ஒரு வரி எழுதியிருக்கிறார்: "ஃபோம் வைத்த ஃபைபர் கேட்டமரனில் கடல் தாண்டுகிறவன் உயிரை அடகு வைக்கிறான்." உலகம் சுற்றும் கேட்டமரன்களில் பெரும்பாலானவை ஃபைபர்தானே ஐயா. அத்தனை பேரும் செத்தா போனார்கள்?

கடலோடி: சரி, இங்கேயே வைத்துக்கொள்வோம். நள்ளிரவு, 8 நாட் வேகம், பாதி மூழ்கி மிதக்கும் கன்டெய்னர். மோதினால்? அலுமினியத் தகடு நெளியும், அவ்வளவுதான். இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே ஃபோம் வைத்த சாண்ட்விச்சில் வெளித்தோல் கிழியும். சுற்றிலும் ஃபோம் தோலை விட்டுப் பிரியும். எவ்வளவு தூரம் பிரிந்திருக்கிறது என்று வெளியே நின்று பார்த்தால் தெரியவும் தெரியாது.

பசைவாளி: தகடு கிழியவே கிழியாதாக்கும்! அலுமினியம் தண்ணீரைவிட 2.7 மடங்கு கனம். ஃபோம் மிதக்கும். கேட்டமரனில் அடியில் பாரத்துக்கு வைக்கும் ஈயமும் கிடையாது. ஃபோம் படகு தண்ணீர் நிரம்பினாலும் பெரும்பாலும் மேலேயே கிடக்கும். உங்கள் தகரப் பெட்டி?

கடலோடி: நீர்புகாத தடுப்பறைகள் எதற்கு இருக்கின்றன? நான் கேட்டது மோதல் பற்றி. கன்டெய்னரில் மோதினால்?

கரையோரம்: படகு எத்தனை அடி, எவ்வளவு சாமான் ஏற்றப்போகிறீர்கள் என்று யாருமே சொல்லவில்லையே? சின்னப் படகென்றால் எடைக்காகத் தகடை மெல்லிசாக்க வேண்டும், மெல்லிசானால் வெல்டிங் சூட்டில் கோணும்.

கடலோடி: அடிக்கணக்கு அப்புறம். முதலில் கன்டெய்னர்.

மரத்தச்சன்: ஜேம்ஸ் வாரம் (Wharram) என்ற படகு வடிவமைப்பாளர் 1955-56இல் 23 அடி சொச்சம் ப்ளைவுட் கேட்டமரனில் அட்லாண்டிக்கையே தாண்டிவிட்டார். இன்றைக்கு மரத்தில் தண்ணீர் இறங்காமல் பூச எபாக்ஸியும் இருக்கிறது.

கடலோடி: பூச்சு ஓரிடத்தில் உரிந்தால் போதும், மரம் தின்னும் கப்பல்புழுவுக்கு விருந்து.

பசைவாளி: அலுமினியத்தைத் தின்னப் புழுகூட வேண்டாம். கரை மின்சாரத்தை மாட்டிக்கொண்டு, வயரிங் கெட்ட படகுக்குப் பக்கத்தில் நின்றாலே அரிக்கும். பாசி, சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசும் செப்பு கலந்த ஆன்டிஃபவுலிங் பெயிண்டும் பூச முடியாது.

கடலோடி: கரை மின்சாரத்தை நேரடித் தொடர்பில்லாமல் படகுக்குத் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் என்று ஒன்று உண்டு. செப்பில்லாத பெயிண்டும் உண்டு. நங்கூரத் திரியிலும் இப்படித்தான் பாதி படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தீர்கள்.

பசைவாளி: அந்தத் திரியில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓடியது யார்? சுட்டி போடட்டுமா?

கடலோடி: போடுங்கள். படித்துவிட்டுப் போடுங்கள்.

பாய்விரிச்சான்: பழைய கணக்கை விடுங்கள். ஏதோ ஒரு தீவில் தகடு ஓட்டையானால் வெல்டிங்குக்கு வேண்டிய ஆர்கான் வாயுவுக்கு எங்கே போவீர்கள்? காற்றடித்தால் வெல்டு கெடும். வெல்டை ஒட்டிய தகடும் பலம் குறையும். ஃபைபருக்குக் கொஞ்சம் ரெசினும் கண்ணாடித் துணியும் போதும், படகிலேயே வைத்துக்கொள்ளலாம்.

கடலோடி: நனைந்த ஃபோமில் ரெசின் ஒட்டுமா? பிரிந்த இடம் முழுக்க வெட்டி எடுத்துக் காயவைக்க வேண்டும். நடுக்கடலில் எந்த வெயிலில் காயவைப்பீர்கள்? நெளிந்த தகடோடு நான் ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன். மூன்றாம் முறை கேட்கிறேன், கன்டெய்னரில் மோதினால்?

பசைவாளி: இதுவரை எத்தனை கன்டெய்னரில் மோதியிருக்கிறீர்கள் சார்?

கடலோடி: "மோதினால்" என்றுதான் எழுதியிருக்கிறேன். அதையும் பாதிதான் படித்தீர்களா?

கரையோரம்: 40 அடி என்று வைத்துக்கொள்ளலாமா?

கடலோடி: கன்டெய்னரையா?

மரத்தச்சன்: ப்ளைவுட்டுக்கு இன்னும் ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

கடலோடி: புழுவைக் கேளுங்கள்.