பல வருடமாகத் தனிக்கூண்டில் இருக்கும் பெண் குரங்குக்குத் துணை சேர்க்கலாமா?

நிலாமுற்றம் எழுதியது:

வணக்கம். ஒரு மீட்பு மையத்தில் எட்டு மாதமாகக் காப்பாளராக இருக்கிறேன். எங்களிடம் ஒரு பெண் ரீசஸ் குரங்கு இருக்கிறாள், வயது பன்னிரண்டு இருக்கும். குட்டியாக இருந்தபோது யாரோ வீட்டில் வளர்த்து, பெரிதாகிக் கடிக்க ஆரம்பித்ததும் கொண்டுவந்து விட்டுவிட்டார்களாம். அன்றிலிருந்து தனிக்கூண்டுதான். இடது முழங்கைக்குக் கீழே முடியே இல்லை, அவளே பிடுங்கிப் பிடுங்கி வழுவழுவென்று ஆகிவிட்டது. யாராவது வேகமாகக் கடந்து போனால் தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்கிறாள். டயர், கயிறு, பந்து, கண்ணாடி என்று எல்லாம் போட்டுப் பார்த்தேன். முதல் நாள் தொட்டுப் பார்ப்பாள், மறுநாள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் நான் கம்பிவலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் உடனே வந்து, என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்து, மடிப்பைப் பிரித்துப் பிரித்து அரைமணி நேரம் பேன் பார்க்கிறாள்.

முன்பு ஒரு முறை இன்னொரு வயதான பெண் குரங்கோடு விட்டார்களாம். இவள் பல்லை இளித்துக் காட்டினாள் என்று பயந்து ஐந்து நிமிடத்தில் பிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் யாரும் முயற்சி செய்யவில்லை. மறுபடி கேட்டால், ஒன்றையொன்று கொன்றுவிடும் என்கிறார்கள். உண்மையா? இனி இவள் தனியாகத்தான் இருக்க வேண்டுமா?

கிளைவழி எழுதியது:

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் சகோதரி, கோபப்படாதீர்கள். கம்பிவலை வழியாக அவள் உங்களைத் தொட விடாதீர்கள். ரீசஸ் குரங்குகளிடம் ஹெர்பிஸ் பி வைரஸ் இருக்கலாம். அவற்றுக்குப் பெரிதாக எதுவும் செய்யாது, ஆனால் ஒரு கடி, ஒரு கீறல் வழியாக மனிதருக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. பாசம் எனக்குப் புரிகிறது, இருந்தாலும் ஓர் அடி தள்ளி உட்காருங்கள்.

ஆனால் உங்கள் கேள்விக்கான பதிலை அந்தச் சட்டைக்கையிலேயே அவள் சொல்லிவிட்டாள். அவளுக்குப் பேன் பார்க்க ஒரு முதுகு வேண்டும். பேன் பார்ப்பது சுத்தத்துக்காக மட்டும் இல்லை, அந்த நேரத்தில் குரங்கின் இதயத்துடிப்பே இறங்குகிறது. பந்து அதைச் செய்யாது. எத்தனை பந்து போட்டாலும் செய்யாது.

அப்புறம் அந்தப் பல் விஷயம். ரீசஸ் குரங்கு சத்தமில்லாமல் உதட்டைப் பின்னால் இழுத்துப் பல்லைக் காட்டினால் அது மிரட்டல் இல்லை, ‘நான் அடங்கிவிட்டேன், அடிக்காதே’ என்று அர்த்தம். மிரட்டல் என்றால் வாயை வட்டமாகத் திறந்து, கண்ணிமைக்காமல் முறைக்கும், காது அசையும். உங்கள் பெண் அன்றைக்குச் சமாதானம் பேசியிருக்கிறாள், இவர்கள் அதைச் சண்டை என்று நினைத்துப் பிரித்திருக்கிறார்கள். படிக்கும்போதே எனக்கு மனசு கனத்துவிட்டது.

வேர்மரம் எழுதியது:

நான் முன்பு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ தாயைப் பிரித்து வளர்த்த ரீசஸ் குட்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தன்னையே கட்டிக்கொண்டு ஆடுவது, தன்னையே கடிப்பது, எல்லாம் அங்கேயும் பார்த்ததுதான். அதிகம் பேசப்படாத பின்கதை ஒன்று உண்டு. ஆறு மாதம் தனிமையில் அடைத்து வைத்த குட்டிகளைச் சம வயதுக் குரங்குகளோடு விட்டபோது அவை அடி வாங்கின, ஒடுங்கின. பிறகு ஹார்லோவும் அவருடைய மாணவர் ஸ்டீபன் சுவோமியும் மூன்றே மாதமான குட்டிகளோடு சேர்த்துப் பார்த்தார்கள், 1971இல் அதை வெளியிட்டார்கள். அந்தச் சின்னக் குட்டிகளுக்கு இன்னும் சண்டை போடத் தெரியாது, ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளத்தான் தெரியும். மூலையில் சுருண்டு கிடந்தவற்றை அவை விடாமல் கட்டிப்பிடித்தன, சில மாதங்களில் பெரும்பாலானவை விளையாடத் தொடங்கிவிட்டன. அந்தப் பரிசோதனைகளை நான் ஆதரிக்கவில்லை, அந்தக் குட்டிகள் பட்டதை நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது. ஆனால் அவை கற்றுக்கொடுத்ததையாவது பயன்படுத்துவோம். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அதே வேகத்தில் பலன் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

பழையகாப்பாளர் எழுதியது:

துணை நல்லதுதான், ஆனால் ‘துணை’ என்று எதையாவது உள்ளே தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் விலங்குக்காட்சி சாலையே சாட்சி. 1925இல் அங்கே ஒரு செயற்கைக் குன்றில் ஏறத்தாழ 100 ஹமாத்ரியாஸ் பபூன்களை விட்டார்கள், கிட்டத்தட்ட எல்லாமே ஆண்கள். இருந்த சில பெண்களுக்காக நடந்த சண்டையில் எத்தனையோ செத்தன. அதைப் பார்த்துவிட்டுக் குரங்கின் குணமே அப்படி என்று எழுதினார்கள். குணமில்லை, சேர்த்த விதம்தான் தப்பு.

எனக்கே ஒரு அனுபவம் உண்டு. இரண்டு பெண் குரங்குகளை ஒரே கதவுள்ள கூண்டில் சேர்த்தோம். துரத்தப்பட்டவள் மூலையில் மாட்டிக்கொண்டாள், காதில் பாதி போய்விட்டது. அதிலிருந்து நான் செய்வது இதுதான். இரண்டு கூண்டுகளை அடுத்தடுத்து வைத்து இடையில் இரண்டு வழி திறப்பேன், ஓடினால் சுற்றிவர இடமிருக்கும். நடுவே மறைவுக்குப் பலகை. உயரத்தில் ஒன்றுக்கு இரண்டு திண்டு. சாப்பாடு ஒரே தட்டில் கிடையாது, வைக்கோலுக்குள் தானியத்தைத் தூவிவிட்டால் இரண்டும் தலையைக் குனிந்து தேடிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும், நேருக்கு நேர் முறைக்க நேரமிருக்காது.

ஆனால் இதெல்லாம் கடைசி நாள் வேலை. அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை முடிய வேண்டும், சில வாரம் வலைக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கமாகப் பார்த்துப் பழக வேண்டும். உதட்டைச் சப்புக்கொட்டுவதும், முதுகைக் காட்டி உட்காருவதும் நல்ல அறிகுறி. ஒரு கீறலுக்கெல்லாம் பிரித்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை பிரித்துச் சேர்க்கும்போதும் யார் பெரியவள் என்ற கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கிளைவழி அக்கா, இப்போது தள்ளித்தான் உட்காருகிறேன். உங்கள் பதில்களை மருத்துவரிடம் காட்டினேன். முதலில் யோசித்தார், பிறகு அந்தப் பழைய பெண் குரங்கையே பக்கத்துக் கூண்டுக்கு மாற்றச் சம்மதித்தார், பரிசோதனையும் சரியாக வந்துவிட்டது.

இன்று பத்தொன்பதாவது நாள். மணிக்கட்டைக் கடிப்பது இன்னும் நிற்கவில்லை, நேற்றும் ரத்தம் வந்தது. ஆனால் மதியம் அந்த வயதானவள் வலையோடு முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். இவள் கொஞ்ச நேரம் தூரத்தில் நின்று சப்புக்கொட்டினாள், அப்புறம் வந்து வலைக்கண் வழியாக ஒற்றை விரலை விட்டு, அவளுடைய முடியை மெல்ல விலக்கிப் பார்த்தாள்.

பழையகாப்பாளர் எழுதியது:

இன்னும் ஒரு வாரம் கதவைத் திறக்காதீர்கள். திறக்கும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள் அம்மா, அன்றைக்கு நான் போன் பக்கத்திலேயே இருக்கிறேன்.