ஜி.சி.எஸ்.ஈ ஆங்கில இலக்கியம்: மாதிரிக் கட்டுரையைப் பாடமாக்கலாமா?

ஹரோவாசி:
மகள் 11ஆம் ஆண்டு. மே மாதம் ஜி.சி.எஸ்.ஈ, இங்கிலாந்தில் 16 வயதளவில் எழுதும் பொதுப் பரீட்சை. பாடசாலையில் ஏ.கியூ.ஏ என்ற பரீட்சைச் சபையின் பாடத்திட்டம்: ஷேக்ஸ்பியரின் மக்பெத், டிக்கன்ஸின் நாவல் எ கிறிஸ்மஸ் கரோல், அன் இன்ஸ்பெக்டர் கோல்ஸ் என்ற நாடகம், அதோடு போரும் அதிகாரமும் பற்றிய 15 கவிதைகள். சனிக்கிழமை ரியூசனில் ஒவ்வொரு நூலுக்கும் மாதிரிக் கட்டுரைகள் தந்து, வரிக்கு வரி பாடமாக்கச் சொல்கிறார்கள். பெற்றோர் சந்திப்பில் பாடசாலை ஆசிரியை அதை நிறுத்தச் சொன்னார்.

எனக்கு ரியூசன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. இலக்கியப் பரீட்சைக்குப் புத்தகம் கொண்டுபோக முடியாது. முதல் தாள் 1 மணி 45 நிமிடம். அதற்குள் ஷேக்ஸ்பியருக்கு ஒரு கட்டுரை, 19ஆம் நூற்றாண்டு நாவலுக்கு ஒரு கட்டுரை. தலையில் இல்லாதது கைக்கு எப்படி வரும்? நாங்கள் எல்லாம் பாடமாக்கித்தானே படித்தோம்? மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆங்கில ஆசிரியை:
கிழக்கு லண்டனில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அந்த ஆசிரியை சொன்னது சரி அண்ணா.

மக்பெத் கேள்விக்கு நாடகத்தில் ஒரு சிறு பகுதியை வினாத்தாளிலேயே அச்சடித்துத் தருவார்கள். அதில் தொடங்கி, நாடகம் முழுவதிலும் ஒரு பாத்திரமோ கருத்தோ எப்படிக் காட்டப்படுகிறது என்று எழுத வேண்டும். பேராசை பற்றிப் பாடமாக்கிக்கொண்டு வந்த பிள்ளைக்குக் குற்ற உணர்வு பற்றிய கேள்வி வந்தால் என்ன செய்யும்? முதல் பந்தியில் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டு, மிச்சம் முழுக்கப் பேராசையையே கொட்டும். கண்முன்னே கிடக்கும் பகுதியைத் தொடவே தொடாது. நடுவில் ஷேக்ஸ்பியர் காலத்து ஜேம்ஸ் மன்னன், அவரைக் கொல்லப் போட்ட 1605 வெடிமருந்துச் சதி என்று ஒரு பந்தி வரும். கேள்விக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. கேட்டதற்குப் பதில் சொன்னால்தான் புள்ளி.

ஓர் உதாரணம் சொல்கிறேன். டிக்கன்ஸ் தன் கதையின் கஞ்சன் ஸ்க்ரூஜை 'சொலிற்றரி அஸ் அன் ஒய்ஸ்ரர்' என்கிறார், சிப்பியைப் போலத் தனித்தவன் என்று. மாதிரிக் கட்டுரை வைத்திருக்கும் பிள்ளை, 'இது உவமை, அவனது தனிமையைக் காட்டுகிறது' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். நான் வகுப்பில் சிப்பி எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டேன். 'இறுக்கி மூடியிருக்கும் மிஸ், கத்தி வைத்துத்தான் திறக்கலாம், அதுதான் அவனைத் திருத்த ஆவிகள் வர வேண்டியிருந்தது' என்றார் ஒருவர். 'உள்ளே முத்தும் இருக்கலாமே, அவன் திருந்துவான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்' என்றார் இன்னொருவர். இரண்டுமே நல்ல புள்ளி வாங்கும். எந்த அச்சடித்த தாளிலும் இருந்து வந்தவை அல்ல.

குறொய்டன் அம்மா:
ரீச்சர் சொல்வது வாய் திறந்து பதில் சொல்லும் பிள்ளைக்குப் பொருந்தும். என் மகன் மொக் (ஒத்திகை) பரீட்சையில் எடுத்தது 3, உச்சம் 9. ஆங்கிலத்தில் 4 வராவிட்டால் 16 வயதுக்குப் பிறகும் கல்லூரியில் அதைத் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அவன் வெள்ளைத் தாளைப் பார்த்தால் உறைந்துபோகிற பிள்ளை. முதல் வசனத்தை எப்படித் தொடங்குவது என்றே தெரியாதவனிடம் சொந்தமாகச் சிந்தி என்றால் எங்கே போவான்? அவனுக்கு மாதிரிக் கட்டுரை ஊன்றுகோல். அதைப் பிடுங்கிவிட்டு நடக்கச் சொல்லாதீர்கள். ஒரு கட்டுரையைப் பாடமாக்கிய பிறகுதான் 'இந்த வரி இதைக் காட்டுகிறது, ஏனென்றால்' என்ற ஓட்டமே அவனுக்குப் பிடிபட்டது.

ஆங்கில ஆசிரியை:
அக்கா, அந்த ஓட்டம் பிடிபட்டது நல்லது. ஆனால் அதற்கு ஒரு பந்தி போதும், முழுக் கட்டுரை வேண்டாம். ஒரு நல்ல பந்தியை எடுத்து, அதே அமைப்பில் வேறு வரிக்கு வேறு பந்தி எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கவலையாக இருக்கிறது. இலக்கியத்தைப் பற்றியே எல்லோரும் கதைக்கிறோம். இங்கிலிஷ் லாங்குவேஜ் தனிப் பாடம். இரண்டு தாள், ஒவ்வொன்றும் 80 புள்ளி. அதில் பாதி, அதாவது தாளுக்கு 40, கடைசிக் கேள்விக்கு எழுதும் ஆக்கத்துக்கே போகிறது. முதல் தாளில் வர்ணனை அல்லது கதை, இரண்டாம் தாளில் சொந்தக் கருத்தை வைத்து ஒரு கட்டுரையோ கடிதமோ உரையோ. அந்த 40இல் 16 எழுத்துக்கூட்டல், நிறுத்தற்குறி, வசன அமைப்புக்கு. எங்கள் பிள்ளைகள் அங்கேதான் புள்ளியைக் கொட்டுகிறார்கள். 'இட் வாஸ் ரெயினிங்' என்பது ஒரு வசனம், 'ஐ வென்ட் இன்சைட்' இன்னொரு வசனம். நடுவில் வெறும் கமா போட்டு ஒட்டிவிடுவார்கள். ஒரு பக்கத்தில் அப்படிப் பத்து இடம் இருக்கும். முற்றுப்புள்ளி வைத்தால் முடிந்தது. அதைத் திருத்த ஷேக்ஸ்பியர் தேவையில்லை. நேற்று எழுதிய பக்கத்தை எடுத்து வசனம் வசனமாகச் சத்தமாக வாசித்தால் பிள்ளைக்கே பிடிபடும். மொழிப் பாடத்துக்குப் படிக்க ஒன்றுமில்லை என்ற பேச்சை நம்பாதீர்கள்.

பழைய மாணவன்:
நான் போன வருடம் எழுதினேன், இப்போது அடுத்த கட்டமான ஏ லெவல் படிக்கிறேன். பாடமாக்கவே கூடாது என்றால் அதுவும் சரிவராது. கவிதைக் கேள்வியில் ஒரு கவிதையைத்தான் அச்சடித்துத் தருவார்கள், ஒப்பிட வேண்டிய மற்றது முழுக்க மனதில் இருந்துதான் வர வேண்டும். ஆனால் பாடமாக்க வேண்டியது குட்டி மேற்கோள்கள். பல கேள்விக்கு உதவுகிற வரியாகப் பார்த்து எடுக்க வேண்டும். மக்பெத் தன் மனம் தேள்களால் நிறைந்திருக்கிறது என்று மனைவியிடம் சொல்லும் வரி ஒன்று போதும். குற்ற உணர்வு, பேராசையின் விளைவு, பயம், கணவன் மனைவி உறவு என்று எது கேட்டாலும் கைகொடுக்கும்.

2013இல் உளவியலாளர் ஜோன் டன்லொஸ்கியும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டு எழுதினார்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதும் ஹைலைட்டரால் தீட்டுவதும் கீழே போயின. தன்னைத்தானே சோதிப்பதும் நாள் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன.

ஹரோவாசி:
தம்பி, அப்படியென்றால் தாளை மூடிவைத்துக் கட்டுரையை ஒப்பிப்பதும் தன்னைச் சோதிப்பதுதானே? நீங்கள் சொன்னது என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது.

பழைய மாணவன்:
மேற்கோளுக்கும் கதைச் சம்பவங்களுக்கும் ஓம் அண்ணா. கட்டுரைக்கு இல்லை. பரீட்சையில் 'ஒப்பி' என்று கேட்க மாட்டார்கள், புதுக் கேள்வி வைப்பார்கள். அதனால் சோதிப்பதென்றாலும் புதுக் கேள்வியை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். நான் ஒரு கேள்வியை எடுத்து, பத்து நிமிடத்தில் மூன்று வாதம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மேற்கோள், பிறகு முதல் பந்தி. அத்தோடு நிறுத்திவிட்டு அடுத்த கேள்வி. முழுக் கட்டுரையை நேரம் பிடித்து எப்போதாவதுதான் எழுதினேன்.

ஹரோவாசி:
சரி, அதையெல்லாம் யார் பார்த்துத் திருத்துவது? நான் யாழ்ப்பாணத்தில் தமிழ் மூலம் ஓ.எல் (சாதாரண தரம்) வரை படித்தவன். மனைவியும் அப்படியே. ரியூசனை விட்டால் வீட்டில் ஆள் இல்லை. இந்த அறிவுரை எல்லாம் ஆங்கிலம் தெரிந்த பெற்றோருக்கு.

ஆங்கில ஆசிரியை:
திருத்த வேண்டாம் அண்ணா, கேள்வி கேளுங்கள், அதுவும் தமிழிலேயே. அன் இன்ஸ்பெக்டர் கோல்ஸ் கதையை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். 1912இல் ஒரு முதலாளி வீடு. ஒரு ஏழைப் பெண் இறந்துபோகிறாள், வீட்டில் ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு இருக்கிறது. 'யார் செய்தது பெரிய பிழை?' என்று கேளுங்கள். தகப்பன் என்று சொன்னால், 'இல்லையே, கூலி கூடக் கேட்டவளை அவர் வேலையால் நிறுத்தினார், அவ்வளவுதானே?' என்று தகப்பன் பக்கம் நின்று மறித்துக் கதையுங்கள். மகள் உங்களை மடக்க நாடகத்தில் இருந்து ஆதாரம் தேடுவாள். பரீட்சை கேட்பது அதைத்தான். அந்த வீட்டு மகள் ஷீலா திருந்துவதும் அவளுடைய தகப்பன் திருந்தாததும் ஏன் என்று உங்களிடம் அரை மணி வாதாடிய பிள்ளைக்குக் கட்டுரை வரும்.

குறொய்டன் அம்மா:
இதை ஏற்க மாட்டேன் ரீச்சர். இங்கே பிறந்த பிள்ளைக்கு இவ்வளவையும் சொல்லத் தமிழ் எங்கே இருக்கிறது? என் மகன் தமிழில் தடுமாறி, பிறகு ஆங்கிலத்தில் இன்னொரு தரம் யோசிக்க வேண்டும். அந்த நேரத்துக்கு ஒரு பந்தி எழுதிவிடுவான்.

ஆங்கில ஆசிரியை:
அவர் ஆங்கிலத்தில் சொல்லட்டும், நீங்கள் தமிழில் மறித்துக் கேளுங்கள். வீட்டில் அப்படித்தானே கதைக்கிறீர்கள்?

குறொய்டன் அம்மா:
அது உண்மைதான். கேட்டுப் பார்க்கிறேன். கமா விஷயத்தை இன்றிரவே அவனுடைய கொப்பியில் பார்ப்பேன். ஆனால் மாதிரிக் கட்டுரையைப் பரீட்சை முடியும் வரை விட மாட்டேன், இதைச் சொல்லிவிட்டேன்.

ஹரோவாசி:
நானும் ரியூசனை நிறுத்தப் போவதில்லை. இந்தச் சனிக்கிழமை போய், புதுக் கட்டுரை தர வேண்டாம், பழைய வினாத்தாள் கேள்வி ஒன்றைக் கொடுத்து அங்கேயே நேரம் பிடித்து எழுத வைத்துத் திருத்தித் தாருங்கள் என்று கேட்கிறேன். செய்ய மாட்டோம் என்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். தம்பி, அந்தத் தேள் வரி போல உங்களிடம் இருக்கும் மற்ற மேற்கோள்களையும் முடிந்தால் இங்கே போட்டுவிடுங்கள்.