கத்தரிக் குருத்துப் புழு: எது வேலை செய்கிறது என்று தோட்டத்திலேயே சோதிப்பது எப்படி?

தம்பலகாமத் தோட்டம்:
வணக்கம். தம்பலகாமத்தில் மருந்தடிக்காமல் கத்தரி, வெண்டி, பாகல் செய்கிறோம். நல்ல காய் நிலாவெளி ஹோட்டல்களுக்கும் மீதி திருகோணமலைச் சந்தைக்கும் போகிறது. வெண்டியைச் சமாளித்துவிடலாம், கத்தரிதான் உயிரை எடுக்கிறது. குருத்து வாடித் தொங்கும். பிளந்து பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு. காயில் ஓர் ஓட்டை இருந்தாலும் ஹோட்டலில் எடுக்க மாட்டார்கள்.

ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். கேட்டதையெல்லாம் செய்து அலுத்துவிட்டது, இந்த முறை ஒழுங்காகச் சோதிக்க விரும்புகிறேன். ஒரு பாத்திக்கு வேப்பங்கொட்டைக் கரைசல், அடுத்ததற்கு இனக்கவர்ச்சிப் பொறி, அடுத்ததில் குருத்துக் கிள்ளல், கடைசிப் பாத்தி சும்மா. இப்படிப் பிரித்தால் சரியா?

ஓய்வுபெற்ற போதனாசிரியர்:
மகள், சோதித்துப் பார்க்க நினைத்ததே பெரிய விஷயம். ஆனால் இந்தப் பிரிப்பு உங்களை ஏமாற்றிவிடும். காரணம் அந்தப் பூச்சியின் வாழ்க்கையில் இருக்கிறது.

தாய் அந்துப்பூச்சி இரவில் பறந்து இலையிலும் குருத்திலும் முட்டையிடும். பொரித்த புழு சிறிது நேரத்திலேயே குருத்தையோ காயையோ துளைத்து உள்ளே போய்விடும். அதற்குப் பிறகு எந்தக் கரைசலும் அதைத் தொடாது. இரண்டு வாரமளவில் உள்ளேயே தின்று வளர்ந்து, வெளியே இறங்கிச் சருகிலும் மண்ணிலும் கூடு கட்டும். கூட்டிலிருந்து வரும் அந்துப்பூச்சிக்கு உங்கள் பாத்தியின் எல்லை தெரியுமா? கிள்ளாத பாத்தியில் வளர்ந்தது கிள்ளிய பாத்தியில் வந்து முட்டையிடும். பொறியும் அப்படித்தான்: அது ஆண் பூச்சியை மட்டும் பிடிக்கும், அதன் வாசம் பக்கத்துப் பாத்திகளுக்கும் போகும். முடிவில் நான்கு பாத்தியும் ஒரே மாதிரித் தெரியும், நீங்கள் 'ஒன்றும் சரிவரவில்லை' என்று எழுதிவைப்பீர்கள்.

ஆகவே கரைசலை மட்டும் பாத்திக்குப் பாத்தி ஒப்பிடுங்கள். கிள்ளலும் பொறியும் தோட்டம் முழுக்கச் செய்ய வேண்டியவை. அவற்றின் பலனை, சற்றுத் தள்ளி இருக்கும் இன்னொருவரின் கத்தரியோடு வைத்துப் பாருங்கள்.

கரைசல் அடிப்பதையும் அடிக்காததையும் ஒரே பக்கம் ஒதுக்கிவிடாதீர்கள். கிணற்றடியில் ஒரு சோடி, வேலியோரம் ஒரு சோடி, நடுவில் ஒரு சோடி. எது எதற்கு என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். ஓர வரிசையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கிழமைக்கு ஒரு தடவை வாடிய குருத்தை எண்ணுங்கள். பறிக்கும்போது நல்ல காயையும் ஓட்டைக் காயையும் தனித்தனியாக நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். கண்பார்வையில் 'குறைந்த மாதிரி' என்பது கணக்காகாது.

கரைசலுக்கு லீற்றருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பு இடித்து, இரவு ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் சேருங்கள். வெயிலில் அதன் வீரியம் சில நாளிலேயே போய்விடும். எங்கள் பக்கத்துச் சிறுபோக வெயிலைச் சொல்லவே வேண்டாம். அதனால் பின்னேரம் அடியுங்கள்.

இன்னொன்று, எனக்கு மனதுக்கு நெருக்கமானது. இந்தப் புழுவைத் தேடி அதில் முட்டையிட்டு, அதைக் கொன்றுவிடும் திறத்தலா என்ற சிறு குளவி இலங்கையிலேயே உண்டு. கடும் மருந்தடித்த தோட்டங்களில் முதலில் அழிவது அதுதான். நீங்கள் மருந்தடிக்காததால் அது உங்களிடம் இருக்க வாய்ப்பு அதிகம். புழு உள்ள குருத்துகள் சிலவற்றைப் போத்தலில் போட்டு, மெல்லிய துணியால் வாய் கட்டி வையுங்கள். அந்துப்பூச்சி வருகிறதா, குளவி வருகிறதா என்று எழுதுங்கள். நம் பகுதிக்கு அந்தக் கணக்கு பெறுமதியானது.

மூதூர் விவசாயி:
ஐயா சொன்னதோடு ஒன்று. தங்கச்சி, கிள்ளிய குருத்தை வரம்பில் போடாதீங்க, புழு இறங்கிப் போய்க் கூடு கட்டும். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்க, இல்லையென்றால் எரிச்சிடுங்க. போன போகத்துக் கத்தரித் தடியை அடுப்புக்கென்று அடுக்கி வச்சிருக்கீங்களா? அந்தக் குவியலுக்குள்ளிருந்தும் அந்துப்பூச்சி வரும். நாற்று நடுவதற்கு முன்னமே அதை எரிச்சு முடிச்சிடுங்க.

தம்பலகாமத் தோட்டம்:
ஐயா, நானா, இருவருக்கும் நன்றி. தடிக்குவியல் குசினிக்குப் பின்னால்தான் இருக்கிறது, நாற்றுமேடை அதிலிருந்து கூப்பிடு தூரம்! இன்றே அப்புறப்படுத்துகிறேன். சீட்டுக் குலுக்குவதும் போத்தலும் செய்கிறேன். சற்றுத் தள்ளித் தோட்டம் செய்யும் அக்காவும் தன் கத்தரியில் எண்ணித் தரச் சம்மதித்தார்.

பாகலுக்கும் ஒரு கேள்வி. மாம்பழ ஈக்கு வாங்கிய மெதைல் யூஜினோல் பொறியைப் பாகல் பந்தலில் கட்டலாமா?

ஓய்வுபெற்ற போதனாசிரியர்:
வேண்டாம் மகள். பாகலைக் குத்தும் ஈ வேறு இனம், அது கியூலூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருளுக்குத்தான் வரும். மெதைல் யூஜினோல் கட்டினால் மா ஈ நிறைய விழும், பாகல் அழுகுவது அழுகிக்கொண்டே இருக்கும். பிஞ்சிலேயே கடதாசிப் பையால் மூடுங்கள். குத்துப்பட்டு விழுந்த காயை அன்றன்றே பொறுக்கிப் பையில் கட்டிவிடுங்கள்.