கொழுப்பு 0.0 என்று வந்த ரசீது

கிராமத்துப் பால் கொள்முதல் நிலையங்களுக்கு ரசீது போடும் மென்பொருளில் வேலை செய்கிறேன். பரிசோதனைக் கருவியிலிருந்து கேபிள் வழியாகக் கொழுப்பு அளவு வரும். அதை எண்ணாக மாற்றி, விலை போட்டு, ரசீது அச்சாகும். எண்ணாக மாற்ற முடியாவிட்டால், எந்தப் பிழை வந்தாலும் பிடித்துக்கொள்ளும் பைத்தானின் வெறும் எக்ஸெப்ட் (except) கட்டளையைப் போட்டுப் பிடித்து, கொழுப்பு 0 என்று வைத்திருந்தேன். காலை ஐந்தரை மணிக்குக் கேனோடு வரிசையில் நிற்பவர்கள் காத்திருக்கக் கூடாது என்பதுதான் எண்ணம்.

ஒரு நாள் ஒரு அக்கா ரசீதை நீட்டினார். 6.4 லிட்டர், கொழுப்பு 0.0. "தண்ணியையா தம்பி ஊத்துனேன்?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. கேபிள் முனை தளர்ந்து, எண்ணோடு குப்பை எழுத்துகளும் சேர்ந்து வந்திருக்கின்றன. புரோகிராம் ஒரு முறைகூட நிற்கவில்லை, நடப்பதைப் பதிந்துவைக்கும் லாகிலும் ஒரு வரி இல்லை. நல்லவேளை, பட்டுவாடாவுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. 0.0 வந்த ரசீதையெல்லாம் தேடி எடுத்துச் சரிசெய்தோம்.

இப்போது, எண்ணாக மாற்ற முடியாதபோது வரும் வேல்யூ எரர் (ValueError) என்ற பிழையை மட்டும் பிடிக்கிறேன். வெறும் எக்ஸெப்டில், புரோகிராமை நிறுத்த அழுத்தும் கன்ட்ரோல்-சி கூட மாட்டிக்கொள்ளும். அளவு வராவிட்டால் ரசீது அச்சாகாது. 'அளவு வரவில்லை, கேபிளைப் பார்த்து மறுபடி சோதியுங்கள்' என்று திரை சொல்லும். கருவி அனுப்பிய எழுத்துகள் அப்படியே லாகுக்குப் போகும்.

1996 ஜூன் 4-ல் ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில் 64 பிட் தசம எண் 16 பிட் முழு எண்ணுக்குள் கொள்ளவில்லை. அந்தப் பிழையைப் பிடிக்க ஏற்பாடு இல்லாததால் திசை காட்டும் கருவி நின்றுபோனது. அது கடைசியாக அனுப்பிய பிழைக் குறிப்பை முதன்மைக் கணினி பறக்கும் நிலை பற்றிய தரவென்றே எடுத்துக்கொண்டது. சுமார் 40 நொடியில் ராக்கெட் சிதறியது. பிழை எண்ணாக உருமாறி அடுத்த இடத்துக்குப் போவதுதான் எனக்கு இன்றும் பயம்.

*

மேலே ரசீதுக் கதை சொன்னவருக்கு நடந்தது ஒன்று, எனக்கு நடந்தது வேறு மாதிரி. எங்கள் மென்பொருளில் கட்டணம் வாங்கும் பகுதியில் டைம் அவுட் வந்தால் 'தோல்வி' என்று எழுதி, உடனே மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தோம். டைம் அவுட் என்றால் குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை, அவ்வளவுதான். பணம் போயிருக்கலாம். ஒரு பெரியவருக்கு 1,180 ரூபாய் இரண்டு தடவை போய்விட்டது. திரும்பக் கிடைக்க ஒன்பது நாள் ஆனது. அப்புறம் ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஓர் அடையாள எண் கொடுத்தோம். எத்தனை முறை அனுப்பினாலும் அந்த எண்ணுக்கு ஒரு முறைதான் பணம் எடுக்கப்படும். மறு முயற்சிகளுக்கு நடுவே 1, 2, 4 நொடி என்று இடைவெளியும் விட்டோம். திரையில் இப்போது 'தோல்வி' வராது. 'உறுதி செய்துகொண்டிருக்கிறோம், மறுபடி கட்ட வேண்டாம்' என்று வரும்.