4 வீல் டிரைவ் வேன்: குறுக்காக இரண்டு சக்கரம் மட்டும் சுற்றுவது கோளாறா?

சேற்றுத்தடம்:
வண்டி ஹை-ரூஃப் நீள வேன். உள்ளே கட்டில், தண்ணீர்த் தொட்டி, பேட்டரி எல்லாம் சேர்த்து 2,800 கிலோ. முன்சக்கர இழுவைதான் அடிப்படை. முன்னால் வழுக்கினால் எலக்ட்ரானிக் கப்ளிங் பின் ஆக்ஸிலையும் சேர்த்துக்கொள்ளும். லோ ரேஞ்ச் (மெல்ல, அதிக விசையோடு ஓட்டும் கூடுதல் கியர்) கிடையாது, டிஃப் லாக் (இடது வலது சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டுவது) கிடையாது.

ஈரப் புல் மேட்டில் ஒரு வாய்க்காலைச் சாய்வாகக் கடந்தால், முன் இடதும் பின் வலதும் சும்மா சுற்றுகின்றன. மற்ற இரண்டும் அசைவதே இல்லை. ஈ.எஸ்.பி. (சறுக்கலைத் தடுக்கும் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு, டிராக்ஷன் கன்ட்ரோலும் இதில் அடக்கம்) பட்டனை அணைத்து வைத்த நிலையில் இது. கப்ளிங் போய்விட்டதா? பனி, சேறு, மணல் என்று இடத்துக்கு இடம் டயர் காற்றை எவ்வளவு வைப்பது? வழுக்கும் இறக்கத்தில் 4 வீல் டிரைவ் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

கிரீஸ்கை:
கப்ளிங் நன்றாகவே இருக்கிறது. அதற்கு அத்தாட்சி நீங்கள் எழுதியதிலேயே உண்டு: பின் வலது சக்கரம் சுற்றுகிறது. கப்ளிங் பிடிக்காவிட்டால் பின் ஆக்ஸிலில் ஒன்றுமே சுற்றாது, முன் இடது மட்டும்தான் சுற்றும்.

நடப்பது இதுதான். சாதாரண டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலின் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி) இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். வேகம் வேண்டுமானால் மாறும், விசை மாறாது. தூக்கிக்கொண்டிருக்கும் சக்கரத்தைச் சுற்ற 20 நியூட்டன் மீட்டர் போதுமென்றால், தரையில் ஊன்றியிருக்கும் எதிர்ச் சக்கரத்துக்கும் அதே 20தான். 2,800 கிலோவை அது எங்கே நகர்த்தும்? வேனின் சஸ்பென்ஷன் சரக்குக்காகக் கெட்டியாகச் செய்தது, மேலும் கீழும் போகும் தூரம் குறைவு. உடலும் நீளம். அதனால் வாய்க்காலைச் சாய்வாகப் பிடித்தாலே எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு சக்கரத்தின் பாரம் போய்விடும்.

டிஃப் லாக் இல்லாத வண்டியில் இதற்கு இருக்கும் முக்கிய மருந்து டிராக்ஷன் கன்ட்ரோல். சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, விசையை எதிர்ப்பக்கம் தள்ளும். நீங்கள் அந்தப் பட்டனை அணைத்தீர்கள் இல்லையா, அங்கேதான் சிக்கல். சில வண்டிகளில் அணைத்தால் எஞ்சின் சக்தியைக் குறைப்பது மட்டும் நிற்கும், பிரேக் வேலை தொடரும். சிலவற்றில் இரண்டும் போய்விடும். கையேட்டில் எது என்று பாருங்கள். குறுக்குச் சக்கரம் தூக்கும் இடத்தில் போட்டே வையுங்கள். மணலிலும் ஆழமான பனியிலும் அணையுங்கள், அங்கே எஞ்சினை நெரித்து வண்டியை நிறுத்திவிடும்.

இன்னொன்று: பிரேக் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்ததும் பலர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார்கள். அது வேலை செய்ய ஆரம்பிக்கும் நொடியே அதுதான். காலை ஒரே அளவில் இரண்டு மூன்று விநாடி வைத்திருங்கள், வண்டி மெல்ல ஊர்ந்து ஏறும். அதைவிட நல்லது வாய்க்காலை நேர்க்குத்தாகக் கடப்பது. முன்சக்கரம் இரண்டும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறினால் குறுக்குத் தூக்கலே வராது. ஆனால் வேனின் பின் நீட்டல் அதிகம் என்பதால் பம்பர் இடிக்குமா என்று முதலில் இறங்கிப் பாருங்கள்.

நான்குகால்:
மேலே சொன்னது சரி. வழுக்கும் ஏற்றத்தின் கணக்கையும் போட்டுவிடுகிறேன், ஏனென்றால் 4 வீல் டிரைவ் பிடிமானத்தை உண்டாக்குவதாகவே பலர் நினைக்கிறார்கள். கெட்டிப்பட்ட பனியின் உராய்வு எண் சுமார் 0.25. நான்கு சக்கரமும் இழுத்தால் தோராயமாக 25% ஏற்றம் வரை போகும். முன்சக்கரம் மட்டும் இழுத்தால், ஏற்றத்தில் பாரம் பின்னே சாய்ந்து முன்னால் 45% எடைதான் நிற்கும். ஆக 11% தாண்டாது. இரட்டிப்புக்கும் மேல் வித்தியாசம்.

பிரேக்கில் அந்த லாபம் சுத்தமாகக் கிடையாது. எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறதே! 50 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க, உலர்ந்த தாரில் 12 மீட்டர், கெட்டிப் பனியில் 39, உராய்வு 0.1 உள்ள ஐஸில் 98. இதில் ஓட்டுநர் யோசிக்கும் நேரம் சேரவில்லை. சுலபமாகக் கிளம்பிவிட்ட வண்டி சுலபமாக நிற்கும் என்று நம்புவதால்தான் இந்த வண்டிகள் பள்ளத்தில் கிடக்கின்றன.

வகைகளைப் பற்றி:

பார்ட்-டைம் (தேவைப்படும்போது மட்டும் லீவரால் போடும்) வகையில் முன்னும் பின்னும் இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும், நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. சேற்றிலும் பனியிலும் நம்பகமானது. ஆனால் காய்ந்த தாரில் போட்டு வளைத்தால் ஷாஃப்ட் முறுக்கேறி ஸ்டீயரிங் கனக்கும், லீவர் மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டினால் பிடித்து இழுக்காதீர்கள், நேராக சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழும். மிட்சுபிஷி டெலிகா ஸ்பேஸ் கியர் வேனின் சூப்பர் செலக்ட் அமைப்பு இதற்கு நல்ல விடை: 4எச் நிலையில் நடு டிஃபரன்ஷியல் வேலை செய்வதால் தாரிலும் ஓட்டலாம், 4எச்எல்சி-யில் அது பூட்டிக்கொள்ளும், 4எல்எல்சி-யில் லோ ரேஞ்சும் சேரும்.

இரண்டாவது வகை விஸ்கஸ் கப்ளிங், திரவத்தின் வழியே விசையைக் கடத்துவது. உதாரணம் ஃபோல்க்ஸ்வாகன் டி3 சிங்க்ரோ வேன். ஆஸ்திரியாவின் கிராட்ஸில் கட்டிய வண்டி. சிலிகான் திரவம் சூடானால்தான் இறுகும், அதனால் முதலில் கொஞ்சம் வழுக்கிய பிறகே உதவி வரும். வயதானால் திரவம் கெட்டியாகும். சோதனை எளிது: காய்ந்த தாரில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் ஆக்ஸிலரேட்டர் தொடாமல் வட்டம் போடுங்கள். கைபிரேக் போட்டதுபோல் வண்டி திணறினால் கப்ளிங் இறுகிவிட்டது.

உங்களுடையது மூன்றாவது வகை, பல தட்டுகளை அழுத்திப் பிடிக்கும் மல்டி-பிளேட் க்ளட்ச். வேகமாகச் சேரும், ஆனால் நீண்ட நேரம் வழுக்கவிட்டால் சூடேறித் தானே விட்டுவிடும். மணலில் பத்து நிமிடம் உழுதபிறகு 'பின் இழுவை வரவில்லை' என்று சொல்வது பெரும்பாலும் இதுதான், ஆறவிட்டால் திரும்பிவிடும். ஆறியும் வராவிட்டால் எண்ணெயையும் பம்ப்பையும் பாருங்கள். இந்த வகைக் கப்ளிங்கான ஹால்டெக்ஸின் ஐந்தாம் தலைமுறையில் பம்ப்பின் சல்லடை க்ளட்ச் தூளால் அடைத்து, பம்ப் எரிந்துபோவது தெரிந்த நோய். எண்ணெய் மட்டும் மாற்றினால் போதாது, பம்ப்பைக் கழற்றிச் சல்லடையைக் கழுவவேண்டும்.

நான்கு டயரும் ஒரே தேய்மானத்தில் இருப்பதும் இதோடு சேர்ந்ததுதான். 330 மி.மீ. ஆரம் உள்ள டயரில் 4 மி.மீ. தேய்ந்தால், ஒரு கி.மீ.-க்கு ஏறக்குறைய 6 சுற்று கூடுதல். முன்னால் பழசு, பின்னால் புதுசு என்று போட்டால் நெடுஞ்சாலை முழுக்கக் கப்ளிங் அரைபட்டுக்கொண்டே இருக்கும்.

காற்றளவு:
டயருக்கு என் பங்கு. 2,800 கிலோ வேனுக்கு, வணிக வகை 'சி' டயர் என்று வைத்துக்கொள்கிறேன். சாலையில் வண்டிக் கதவிலுள்ள ஸ்டிக்கர் சொல்வதே. கரடுமுரடான மண் சாலையில் 35 பி.எஸ்.ஐ., மணலில் 25, சிக்கிக்கொண்டால் 20. அதற்குக் கீழே போகவேண்டாம். வேன் கனமானது, வளைக்கும்போது டயர் ரிம்மை விட்டு நழுவும். குறைத்த பிறகு 30 கி.மீ.-க்கு மேல் ஓட்டாதீர்கள், தாருக்கு ஏறுமுன் காற்றை நிரப்புங்கள். காற்று குறைந்தால் தரையில் படும் இடம் அகலமாவதைவிட நீளமாகிறது. மணலில் மிதக்க வைப்பது அந்த நீளம்தான்.

சேற்றுக்கு ஒரே விதி கிடையாது. மேலே மெல்லிய சேறு, அடியில் கெட்டித் தரை என்றால் காற்றைக் குறைக்காமல் வெட்டிப் பிடிக்கவிடுங்கள். அடியே இல்லாத சேறு என்றால் குறைக்கலாம், ஆனால் அதில் வேனை இறக்குவதே புத்திசாலித்தனம் அல்ல.

பனிக்கு ரப்பர்தான் முக்கியம். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கோடை டயர் விறைக்கும். பக்கச்சுவரில் 'எம்+எஸ்' மட்டும் இருந்தால் அது பனிச் சோதனைக்கு அத்தாட்சி அல்ல. மூன்று முகடு மலைக்குள் பனித்துகள் பொறித்த குறியைத் தேடுங்கள்.

சேற்றுத்தடம்:
தெளிவாகிவிட்டது, நன்றி. கைபிரேக்கை இரண்டு கிளிக் இழுத்தால் பின் டிஃபரன்ஷியல் எதிர்ப்பக்கம் தள்ளும் என்கிறார்களே, முயலலாமா? டயரில் மாட்டும் பனிச் சங்கிலி ஒரு ஜோடி மட்டும் இருந்தால், முன்னாலா பின்னாலா?

கிரீஸ்கை:
கேபிள் கைபிரேக் உள்ள பழைய பார்ட்-டைம் வண்டிக்கு அந்தத் தந்திரம் பொருந்தும். உங்களுக்கு வேண்டாம். எலக்ட்ரானிக் கப்ளிங் சிலவற்றில் கைபிரேக் சிக்னல் வந்ததுமே பின் ஆக்ஸிலைத் துண்டித்துவிடும். உதவி கேட்கப் போய் இருப்பதையும் இழப்பீர்கள்.

சங்கிலிக்குக் கையேடு சொல்லும் ஆக்ஸில்தான். முன்சக்கர இழுவை அடிப்படை என்பதால் பொதுவாக முன்னால். அப்போது இறக்கத்தில் முன்பக்கம் நன்றாகப் பிடிக்க, சங்கிலி இல்லாத பின்பக்கம் வழுக்கிச் சுழல வாய்ப்புண்டு. செங்குத்தான இறக்கம் என்றால் நான்கிலும் மாட்டுவதே சரி. 50 கி.மீ. உச்ச வேகம், நூறு மீட்டர் போனதும் இறங்கி மறுபடி இறுக்குங்கள்.

இறக்கத்தில் லோ ரேஞ்ச் இல்லாதது நன்றாகத் தெரியும். முதல் கியர், க்ளட்சைத் தொடாதீர்கள், ஹில் டிசென்ட் (இறக்கத்தில் தானே பிரேக் பிடித்து வேகத்தை அடக்கும் வசதி) இருந்தால் போடுங்கள். ஐஸில் எஞ்சின் பிரேக்கிங்கே சக்கரத்தை இழுத்து வழுக்க வைத்தால், ஆக்ஸிலரேட்டரைத் துளி தொட்டுச் சக்கரம் மறுபடி உருள விடுங்கள். ஆழமான தளர்ந்த பனியில் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டாமல் தடுப்பது) நிறுத்தும் தூரத்தைக் கூட்டும்; பூட்டிய சக்கரத்தின் முன் குவியும் பனி முட்டு அங்கே கிடைக்காது.

நான்குகால்:
சிக்கிக்கொண்டால் கட்டி இழுப்பது பற்றி ஒரு வரி: இழுவைப் பந்தில் (டிரெய்லர் மாட்டும் உருண்டை) ஒருபோதும் பட்டையை மாட்டாதீர்கள், முறிந்தால் துப்பாக்கிக் குண்டுதான். வண்டியோடு வந்த இழுவைக் கொக்கி நேர் இழுப்புக்கு மட்டும். வேனுக்குள் படுக்கை வைத்திருப்பதால் இதுவும்: பனியில் புதைந்து நின்ற நிலையில் ஹீட்டருக்காக எஞ்சினை ஓட்டுமுன், சைலன்சர் வாயைச் சுற்றிப் பனியை வெட்டி எடுத்துவிடுங்கள். பனி தொடர்ந்து பெய்தால் திரும்பத் திரும்ப. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.